மெசலமைனுக்கு டி.பி.பி.எச்-ஆ, ஆட்டு ஈரலா?

ஈரோடு, குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்து எம்.பார்ம் மாணவர்களிடம் ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனை என்று சொன்னால், கை நேராக டி.பி.பி.எச் என்ற ஊதாநிறம் தரும் வேதிப்பொருளின் பாட்டிலுக்குத்தான் போகும். என் மாணவி பெருங்குடல் புண்ணுக்குத் தரும் மெசலமைன் மருந்தை எடுத்தபோது நாங்கள் ஆட்டு ஈரலுக்குப் போனோம். ஏன் என்று கேட்பவர்களுக்காக இது.

டி.பி.பி.எச்சின் சௌகரியம் தெரிந்ததுதான். 3.94 மில்லிகிராமை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார் ஊதாக் கரைசல். மருந்தைச் சேர்த்து அரை மணி நேரம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் ரீடிங் எடுக்க வேண்டியதுதான்; மருந்து வேலை செய்தால் ஊதா வெளுக்கும். ஒரே மதியத்தில் வேலை முடியும், கையும் நாறாது.

ஆனால் மெசலமைன் மெத்தனாலில் ஒழுங்காகக் கரையாது. அமிலத்திலோ காரத்திலோ கரைத்தால் டி.பி.பி.எச் வினையின் போக்கே மாறும். காரத்தில் வைத்த மருந்து காற்றுப்பட்டுப் பழுப்பேறி, ரீடிங்கையும் குழப்பும்.

இதையெல்லாம் எப்படியாவது சமாளிக்கலாம். எனக்கு உறுத்தியது இரும்பு. பெருங்குடல் புண்ணில் ரத்தம் கசியும், அதோடு இரும்பும் வரும். அழற்சிக்காக வந்து கூடும் வெள்ளணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். இரண்டும் சேர்ந்தால் எதையும் தாக்கும் துடிப்புள்ள ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறந்து செல் சவ்வின் கொழுப்பைத் தாக்கும். மெசலமைன் அந்த ரேடிக்கல்களையும் தணிக்கும், இரும்பையும் பிடித்துக்கொள்ளும். டி.பி.பி.எச் குழாயில் இரும்பும் கிடையாது, கொழுப்பும் கிடையாது. மருந்தின் பாதித் திறமை அங்கே கண்ணுக்கே படாது.

ஈரலில் அது தெரியும். காலையில் கறிக்கடையில் வெட்டிய சூட்டோடு ஈரலை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, குளிர்ந்த பொட்டாசியம் குளோரைடில் அரைக்க வேண்டும். இரும்பும் அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) சேர்த்து 37 டிகிரியில் வைத்தால் ஈரலின் கொழுப்பு சிதையும்; அப்புறம் தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு கொதிக்கவைத்தால் அந்தச் சிதைவுப் பொருள்களால் இளஞ்சிவப்பு வரும். 532 நானோமீட்டரில் அளக்கலாம். மருந்து வேலை செய்தால் சிவப்பு குறையும். சித்திரை வெயிலில் ஐஸ் உருகவிட்டீர்களோ, ஈரல் தானாகவே கெட்டு, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், இரும்பே சேர்க்காத பிளாங்க் குழாய்கூடச் சிவக்கும். சர்க்கரையும் இதே நிறத்தைக் கொஞ்சம் காட்டும் என்பதால் பிளாங்க்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

குழாயில் மில்லிமோலார் அளவில் காட்டிய பலன் உடம்புக்குப் பொருந்துமா? மெசலமைனுக்கு மட்டும் ஓரளவு தைரியமாகப் பொருந்தும் என்பேன். அது ரத்தத்தில் குறைவாகவும் பெருங்குடலுக்குள் மில்லிமோலார் செறிவிலும் இருக்கும் மருந்து. வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக் அப்படியில்லை. ரத்தத்தில் 99 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும், கல்லீரல் அதை மாற்றும்போது குயினோன் இமின்கள் என்ற வினைத்திறன் மிக்க பொருள்கள் உருவாகி, செல்லைக் காக்கும் குளுட்டாதயோனைத் தின்றுவிடும். குழாயில் நல்ல பிள்ளை, செல்லுக்குள் வம்பு. அரைத்த ஈரலும் இதைக் காட்டாது, ஏனென்றால் நொதிகளுக்கு வேண்டிய என்.ஏ.டி.பி.எச்சை நாம் சேர்ப்பதில்லை. அதற்குச் செல் வளர்ப்புதான் வேண்டும். அதில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு, பரிந்துரைக்க மாட்டேன்.

நேரம் இல்லாதவர்கள், மெத்தனாலில் நன்றாகக் கரையும் மருந்தை எடுத்தவர்கள் டி.பி.பி.எச்சோடு முதல் சல்லடையை முடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஈரலுக்கு வருபவர்கள் ஒப்பீட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். டி.பி.பி.எச்சில் வழக்கமாக வைக்கும் அஸ்கார்பிக் அமிலம் இங்கே இரும்போடு சேர்ந்து தீயை மூட்டுகிற பக்கம் நிற்கிறது. நாங்கள் ட்ரோலாக்ஸ் (நீரில் கரையும் வைட்டமின் ஈ வகை) வைத்தோம்.