கினோசர் படகு: ஒரு மீனவர் மகளின் பார்வையில்

இஸ்ரேலில், கலிலேயக் கடல் என்று சொல்லப்படும் ஏரியின் கரையில், கினோசரில் இருக்கும் யிகால் அலோன் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எங்களைக் கூட்டிச்சென்ற பயணக் குழு இருபது நிமிடம்தான் கொடுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

1986இல் மழையில்லாமல் ஏரி வற்றியபோது, உள்ளூர் மீனவர்களான அண்ணன் தம்பி இருவர் சேற்றில் கண்டெடுத்த படகுதான் அங்கே இருக்கிறது. முதல் நூற்றாண்டுக் காலத்தது. நீளம் 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இயேசுவின் சீடர்கள் ஏறிய படகு இதுதான் என்பதற்குச் சான்று இல்லை. அவர்கள் காலத்துப் படகு, அதுவே எனக்குப் போதும்.

என் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். அதனால் என் கண் முதலில் ஒட்டுப்போட்ட பலகைகள் மீதுதான் போனது. பத்துக்கும் மேற்பட்ட மர வகைகள்; பழைய படகிலிருந்து கழற்றிப் பொருத்திய துண்டுகளும் உண்டு. எத்தனை முறை பழுதுபார்த்து ஓட்டியிருப்பார்கள்! பேதுருவும் அந்திரேயாவும் விட்டுவிட்டுப் போனது இப்படிப்பட்ட பிழைப்பைத்தான். யாக்கோபும் யோவானும் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே இயேசுவின் அழைப்பு வந்தது. அவர்களுடைய அப்பா செபதேயு கூலியாட்களோடு படகிலேயே தங்கிவிட்டார். திருத்தூதர்களைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த அப்பாவைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. அங்கே நின்றபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேதுரு வாழ்ந்த ஊரான கப்பர்நாகூம் அங்கிருந்து பக்கம்தான். முதலில் படகைப் பாருங்கள், அப்புறம் பேதுருவின் வீடு என்று சொல்லப்படும் இடிபாட்டுக்குப் போங்கள்.