மின்சாரம் போன உலகத்துக்கு எந்த எரிபொருள்?

நான் எழுதிவரும் மாயப் புனைவு நாவலில், கம்பிகளில் மின்னோட்டம் பாய்வது ஒருநாள் அடியோடு நின்றுவிடுகிறது. அதன் காரணம் கதைக்குள் இருக்கட்டும். மூன்று தலைமுறைகளுக்குப் பிறகு அந்த மக்கள் இரவில் எதை எரிக்கிறார்கள் என்ற கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. தானே ஒளிரும் கல், விதைகளில் ஆட்டிய எண்ணெய், நீர் பட்டால் வாயு கக்கும் கார்பைடு, நானே கற்பித்துக்கொண்ட விளரி மரத்தின் பிசினை வாலையில், அதாவது காய்ச்சி ஆவியாக்கி வடிக்கும் கலத்தில், வடித்தெடுக்கும் விளரித் தைலம் ஆகியவற்றில் தைலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். இதே போன்ற உலகத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும் மற்ற எழுத்தாளர்களுக்குப் பயன்படும் என்பதால் என் கணக்கை விரித்து வைக்கிறேன்.

ஒளிரும் கல்லை முதலிலேயே ஒதுக்கினேன். அது தீராது, புகையாது, அதை யாரும் கவனிக்கத் தேவையில்லை. அப்படி ஒரு கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தால் அந்த உலகம் மின்சாரத்தை இழந்ததாகவே தோன்றாது. மண்ணெண்ணெயையும் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. வரலாற்றில் அது பெரிய பாய்ச்சல்தான். 1853-இல் இன்றைய உக்ரைனில் உள்ள லிவிவ் நகர மருத்துவமனையில், மருந்தாளர் இக்னாசி லுக்காசெவிச்சின் மண்ணெண்ணெய் விளக்கொளியில் இரவு நேர அறுவைச் சிகிச்சையே நடந்திருக்கிறது. ஆனால் என் உலகத்தில் மேலோட்டமான எண்ணெய்க் கிணறுகள் முன்பே வற்றிவிட்டன, ஆழமாகத் துளைக்கும் இயந்திரங்களும் இல்லை. உங்கள் உலகத்தில் எண்ணெய் தானாக ஊறுகிறது என்றால் தயங்காமல் மண்ணெண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்பைடுதான் கடைசி வரை போட்டியில் நின்றது. ஒரு கலத்தில் கார்பைடுக் கல், மேலே நீர், சொட்டுச் சொட்டாக விழும் நீரில் பிறக்கும் அசிட்டிலின் வாயு, அது எரியும்போது கண் கூசும் வெண்சுடர். சுரங்கத் தொழிலாளர்கள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத இடங்களில் அது எரிந்ததால், மின்சாரம் இல்லாத உலகத்துக்கும் பொருந்தும் என்று பலரும் அதை நோக்கிப் போகிறார்கள். அங்கேதான் சிக்கல். கால்சியம் கார்பைடு என்பது சுண்ணாம்பையும் கல்கரியையும் ஏறத்தாழ 2000 டிகிரி செல்சியஸில் ஒன்றாகச் சுட்டு எடுப்பது. அந்த வெப்பத்தைத் தந்தது மின்வில் உலை. 1892-இல் தாமஸ் வில்சன் அதைப் பெருமளவில் செய்யும் வழியைக் கண்டடைந்ததே ஒரு மின் உலையில்தான். மின்சாரம் போன அன்றே கார்பைடின் உற்பத்தியும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது பழைய கிடங்குகளில் காற்றுப் புகாமல் அடைத்த டப்பாக்கள் மட்டுமே. ஈரம் புகுந்தால் அவையும் சுண்ணாம்புச் சேறாகிவிடும். அதனால் என் கதையில் கார்பைடு ஒரு புதையலாக வருகிறது, கோட்டைக் கோபுரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். அலுமினியத்தின் கதையும் இதுதான். 1886-க்குப் பிறகு அதைப் பிரித்தெடுத்தது மின்பகுப்பு. ஆகவே என் மக்களின் விளக்குகள் பித்தளையிலும் தகரத்திலும் இருக்கின்றன.

இனி விதை எண்ணெய். இதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. கவிழ்ந்தால் பெரும்பாலும் சுடர் அணைந்துவிடும். வீடு பற்றிக்கொள்ளும் அச்சம் குறைவு. செக்கும் விதையும் இருந்தால் போதும். ஆனால் அது கெட்டியானது, திரியில் உயரமாக ஏறாது. எனவே எண்ணெய் மட்டம் சுடருக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். அகல் தட்டையாக இருப்பதன் காரணம் இந்த இயற்பியல்தான். ஆர்கண்ட் என்பவர் 1780-இல் குழாய் வடிவத் திரியும் அதன் நடுவே காற்றுப் பாதையும் வைத்துச் சுடரின் ஒளியைப் பல மடங்கு கூட்டினார். அப்போதும் எண்ணெய்த் தொட்டியைப் பக்கவாட்டில் உயர்த்தி வைக்க வேண்டியிருந்தது, அதன் நிழல் அறையின் ஒரு பாதியில் விழுந்தது. அந்த நிழலைப் போக்க, கார்செல் என்ற கடிகாரக் கைவினைஞர் 1800-இல் அடியில் கடிகாரப் பொறி வைத்து எண்ணெயை மேலே ஏற்றினார். பொறி வைத்த விளக்கு யார் வீட்டில் இருக்கும்? செல்வர் வீட்டில் மட்டும். விதை எண்ணெயில் ஏழை வீட்டுக்கு அகல், பணக்காரர் வீட்டுக்குப் பொறிவிளக்கு என்று வெளிச்சமே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அது உங்களுக்கு வேண்டிய கதையாக இருந்தால் நல்லது. எனக்கு வேண்டியது வேறு.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எவ்வளவு பிரகாசம் என்று கேட்பதை விட்டுவிட்டு, காலையில் அந்த விளக்கை யார் எடுத்து என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கியதும் எல்லாம் தெளிந்தது. விளரித் தைலத்துக்கு நான் மாதிரியாகக் கொண்டது, பைன் மரப் பிசினை வடித்தெடுக்கும் டர்பன்டைன். மண்ணெண்ணெய் பரவுவதற்கு முன் அதைச் சுத்திகரித்து விளக்கில் எரித்திருக்கிறார்கள். சாராயத்தோடு கலந்த வகையும் பெருமளவில் விற்றிருக்கிறது. நீர்போல் இளகியது, திரியில் தாராளமாக ஏறும், தொட்டியைச் சுடருக்கு நேர் கீழேயே வைக்கலாம், நிழல் விழாது. கரிச்சத்து மிகுந்தது என்பதால் காற்றோட்டம் சற்றுக் குறைந்தாலும் புகைந்து தள்ளும், அதற்குக் கண்ணாடிச் சிம்னி கட்டாயம். சிம்னி என்றால் தினமும் துடைக்க வேண்டும். திரியைக் கத்தரிக்கும்போது நுனி நேராக இருக்க வேண்டும், இரு மூலைகளையும் இலேசாக மழுக்க வேண்டும். மூலை கூராக நின்றால் சுடர் அங்கே கொம்புபோல் எழும். ஒரே பக்கம் சூடேறிக் கண்ணாடி விரிசல் விடும். கரி படிந்த சிம்னிக்குள் கையை நுழைத்துத் துடைக்கச் சிறிய கை வேண்டும். அதனால் என் உலகத்தில் அது பிள்ளைகளின் வேலை. கை பெரிதாகி உள்ளே நுழையாமல் போகும் வயதில் அவர்களை வாலைக் கொட்டகைக்கு அனுப்புகிறார்கள். இந்த வழக்கம் நான் யோசித்துச் சேர்த்ததில்லை, எரிபொருளைத் தீர்மானித்ததும் தானாக வந்து சேர்ந்தது.

இன்னொரு குணம் இதைவிட முக்கியம். டர்பன்டைன் காற்றுப் பட்டு நாளானால் கெட்டிப்படும், பிசுபிசுத்துத் திரியை அடைக்கும். இந்தக் குறையை நான் வேண்டுமென்றே பெரிதாக்கினேன். விளரித் தைலம் முத்திரை உடைத்த ஒரு பருவத்துக்குள் கெட்டுவிடும். ஆகவே யாராலும் அதைப் பதுக்க முடியாது. மன்னனே ஆயிரம் குடம் வாங்கிக் குவித்தாலும் அடுத்த பருவத்தில் அவனிடம் இருப்பது ஒட்டும் கூழ்தான். வெளிச்சம் வேண்டுமென்றால் காட்டோரத்து வாலைக்காரர்களோடு இடைவிடாத உறவு வேண்டும். அவர்களைப் பகைத்த ஊர் இருண்டுபோகும். மரத்தைக் கீறிப் பிசின் எடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. ஆழமாகக் கீறினால் மரம் பட்டுப்போகும், அளவாகக் கீறினால் பல்லாண்டு தரும். தைலம் வடிந்தபின் வாலையில் தங்கும் கெட்டிப் பிசின் படகுகளின் இடுக்கை அடைக்கப் போகிறது. இத்தனை மனிதர்களை ஒரு விளக்கின் பின்னால் நிறுத்தும் எரிபொருள் மற்ற மூன்றிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அபாயத்தையும் மறைக்கக் கூடாது. டர்பன்டைனின் ஆவி 35 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். எரியும் விளக்கில் தைலம் ஊற்றுவது என் உலகத்தில் குற்றம். விளக்கை அணைத்து, ஆறவிட்டு, இருட்டிலேயே ஊற்றிப் பழகியவர்கள் அவர்கள். அகலையும் சிம்னி விளக்கையும் நான் இரவுகளில் ஏற்றி வைத்து எழுதிப் பார்த்திருக்கிறேன். டர்பன்டைன் விளக்கும் கார்பைடும் படித்து அறிந்தவை மட்டுமே. அவற்றின் வாடையும் ஓசையும் என் எழுத்தில் சற்று மெலிந்திருந்தால் காரணம் அதுவே.

நாடோடிகளையோ கடலோடிகளையோ மையமாக வைத்து எழுதுகிறீர்கள் என்றால் தைலம் உங்களுக்கு ஒத்துவராது. ஆடும் தளத்தில் கண்ணாடிச் சிம்னி நிலைக்காது, கவிழ்ந்தால் படகே எரியும். என் நாவலிலும் கடற்கரைப் பகுதிக்கு வரும் அத்தியாயங்களில் விதை எண்ணெயைத்தான் எரிக்கிறார்கள்.