ஆய்வுக் கட்டுரை எழுத ஸோட்டெரோ: எங்கே கைகொடுக்கும், எங்கே கவனம் வேண்டும்

தரவு சேகரித்து, பகுப்பாய்வும் முடித்து, கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் நேரத்தில் ஆளைப் படுத்தி எடுப்பது துணைநூற்பட்டியல்தான். ஓர் ஆய்விதழ் அதை ஏபிஏ ஏழாம் பதிப்புப்படி, அதாவது ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும் பாணியில் கேட்கும். அங்கே நிராகரித்துவிட்டால், அடுத்த இதழ் வான்கூவர் எண்முறையில் கேட்கும். நூல் விவரங்களைச் சேமித்து வைத்து மேற்கோள்களை அமைத்துத் தரும் மென்பொருளான ஸோட்டெரோ வழியாக மேற்கோள்களைச் செருகியிருந்தால், ஆவண அமைப்பில் பாணியை மாற்றினாலே கட்டுரைக்குள் இருக்கும் மேற்கோள்களும் கடைசிப் பட்டியலும் சேர்ந்து மாறிவிடும். இதற்காகவே கட்டுரையின் முதல் வரியை எழுதும் முன் இதை நிறுவிவிடுங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2006-ல் வெளியான திறமூல மென்பொருள் இது, முழுக்க இலவசம். பிடிஎஃப் கோப்புகளை இணையத்தில் சேமிக்க 300 எம்பி இடம் சும்மா கிடைக்கும். 2 ஜிபி வேண்டுமென்றால் ஆண்டுக்கு 20 டாலர். நூல் விவரங்கள் இந்தக் கணக்கில் வராது. அதனால் கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டால் காசு கட்டாமலே காலம் தள்ளலாம். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஸோட்டெரோவின் தரவுக் கோப்புறையைத் தூக்கி டிராப்பாக்ஸிலோ ஒன்டிரைவிலோ வைத்துவிடாதீர்கள். மென்பொருள் திறந்திருக்கும்போதே அந்தச் சேவைகள் தரவுத்தளத்தை நகலெடுக்கும். தரவுத்தளம் கெட்டுப்போக அதுவே போதும்.

கட்டுரைகளைச் சேர்ப்பது எளிது. உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தலாம், அல்லது மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானில் கட்டுரையின் தனி அடையாள எண்ணான டிஓஐ-யை ஒட்டலாம். ஆனால் வந்து விழும் விவரம் அப்படியே சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. பெரும்பாலான பிழைகள் பிறக்கும் இடம் இதுதான்.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கே. முருகன் என்பவரின் கட்டுரையைப் பதிப்பகத் தளத்திலிருந்து இழுத்தால், குடும்பப்பெயர் பெட்டியில் ‘கே.’ என்றும் முதற்பெயர் பெட்டியில் ‘முருகன்’ என்றும் மாறி விழுவது உண்டு. கட்டுரையில் அது ‘(கே., 2019)’ என்று நிற்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். அதே ஆசிரியர் ஒரு பதிவில் ‘ஆர். குமார்’, இன்னொன்றில் ‘ரவி குமார்’ என்றிருந்தால், ஏபிஏ பாணி அவர்களை இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டு மேற்கோளில் தலைப்பெழுத்தையும் சேர்த்துப் போடும். ‘2020அ, 2020ஆ’ என்பதுபோல் தேவையில்லாமல் பிரிந்து வந்தால், ஒரே கட்டுரை நூலகத்தில் இருமுறை இருக்கிறது என்று அர்த்தம். இரட்டைப் பதிவுகள் பகுதிக்குப் போய் ஒன்றாக்குங்கள். இரண்டும் ஒரே வகைப் பதிவாக இருந்தால்தான் ஒன்றாகும்.

ஆங்கிலத் தலைப்புகளை முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்படி சேமியுங்கள். எல்லாச் சொற்களையும் பெரிய எழுத்தாக்க ஸோட்டெரோவால் முடியும். திரும்பச் சின்னதாக்கும்போது எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாது. ஏபிஏ பட்டியல்கள் இங்கேதான் அதிகம் சொதப்புகின்றன.

வேர்டில் வேலை சுகம். ஸோட்டெரோவின் மேற்கோள் பெட்டியில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் தட்டினால் பதிவு வந்து நிற்கும். அதைச் சொடுக்கிப் பக்க எண் சேர்க்கலாம். ‘குமார் (2020)’ என்று வாக்கியத்துக்குள் வர வேண்டுமானால், ஆசிரியரை விடு என்ற தெரிவைக் குறித்துவிட்டுப் பெயரை நீங்களே எழுதுங்கள். மேற்கோளுக்குள் கையை வைத்துத் திருத்தினால், அடுத்த புதுப்பிப்பில் அந்தத் திருத்தம் போய்விடலாம். ஆய்வேடு போன்ற நீண்ட கோப்பில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் வேர்டு திணறும். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வைத்து, வேலை முடிந்ததும் ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் நூலகத்தில் இருந்தால், அத்தகைய கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, சிவப்பில் எச்சரிக்கும். மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நமக்குத் தெரிந்துவிடுவது எவ்வளவோ மேல்.

அனுப்பும் முன் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் மேற்கோள் இணைப்பைத் துண்டித்து வெறும் எழுத்தாக்குங்கள். மூலக் கோப்பிலும் துண்டித்துவிட்டால், மதிப்பீட்டாளர் திருத்தம் கேட்டு வரும்போது எல்லாவற்றையும் மறுபடி ஒவ்வொன்றாகச் செருக வேண்டியிருக்கும்.