ஆய்வக மென்பொருளுக்குக் கட்டிய 4,80,000 ரூபாய் போயிற்று: சோதனை ஆய்வகம் நடத்துவோர் கவனத்திற்கு

குடிநீர் மாதிரிகளைச் சோதித்து அறிக்கை வழங்கும் சிறிய ஆய்வகம் எங்களுடையது. மாதிரிப் பதிவு முதல் அறிக்கை வரை கணினியிலேயே நிர்வகிக்கும் லிம்ஸ் மென்பொருளுக்காக, முழுத் தொகையும் முன்கூட்டியே வேண்டும் என்ற நிபந்தனைப்படி, ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் 4,80,000 ரூபாய் கட்டினோம். பணம் போனதுதான் மிச்சம்.

டெமோ காட்ட வந்தவர் குப்பியின் பார்கோடை ஸ்கேன் செய்ததும், நீரில் கலந்திருப்பவற்றை ஒளியைக் கொண்டு அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கருவியின் அளவீடு யாரும் தட்டச்சு செய்யாமலேயே திரையில் உரிய கட்டத்தில் வந்து விழுந்தது. பிறகு ஒரு முடிவைத் திருத்தி, பழைய மதிப்பும் திருத்தியவர் பெயரும் நேரமும் அழியாமல் நிற்பதைச் சுட்டிக்காட்டி, “என்ஏபிஎல் ஆடிட்டுக்கு இது போதும் சார், கவலையே வேண்டாம்” என்றார். திருத்தத்துக்கு முந்தைய தரவையும் காக்க வேண்டும் என்பது, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் பின்பற்றும் ஐஎஸ்ஓ 17025:2017 தரநிலையின் விதி என்பதால், அந்த ஒரு திரையை நம்பியே கையெழுத்திட்டோம்.

எங்களுக்கு நிறுவித் தந்ததில் அந்தத் திரையே இல்லை. கிணற்று நீர் ஒன்றில் லிட்டருக்கு 1.7 மில்லிகிராம் என்று பதிவான ஃபுளோரைடை, சோதனைக்காக 1.2 என்று மாற்றிப் பார்த்தோம்; 1.7 இருந்த சுவடே தெரியவில்லை. வேறு நீராதாரம் இல்லாத இடத்திலும் 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. குடிக்கத் தகாத நீரைத் தகுந்ததென்று யார் மாற்றினார் என்றே காட்டாத மென்பொருளை ஓர் ஆய்வகத்துக்கு விற்க எப்படி மனம் வந்தது?

கேட்டபோது முதலில் “டிக்கெட் போட்டிருக்கிறோம்” என்றார்கள், அதாவது புகாரைப் பதிந்துவிட்டார்களாம். பிறகு “அடுத்த அப்டேட்டில் வந்துவிடும்” என்றார்கள். கடைசியில் அது தனி மாட்யூல், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். டெமோ காட்டியவரோ “நான் இப்போது அந்தப் பிரிவில் இல்லை சார்” என்று போனை வைத்துவிட்டார். பணத்தைத் திருப்பித் தர மறுத்ததோடு, இதுவரை ஏற்றிய முடிவுகளையும் பிடிஎஃப் கோப்புகளாகக் கொட்டிவிட்டு, வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய சிஎஸ்வி வடிவத்துக்கு மேலும் பணம் கேட்கிறார்கள். 4,80,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, எங்கள் தரவை எங்களுக்கே விலை பேசுகிறார்கள்!

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. முழுத் தொகையை முன்பணமாகத் தராதீர்கள். டெமோவில் கண்ட ஒவ்வொரு வசதியையும் ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் கணினியில், உங்கள் கருவியோடு இணைத்துச் சரிபார்த்து முடிக்கும்வரை பழைய பதிவேட்டை மூடாதீர்கள். தரவு முழுவதையும் சிஎஸ்வி வடிவில் இலவசமாகத் தருவார்களா என்பதை, காசோலை எழுதும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.