இறுகும் தொண்டைக்கு எது உதவும்: பாயா, கண்ணாடியா, ஸ்ட்ராவா?

ஐந்தாவது பீரியட் வந்தால் என் குரல் கம்மிவிடும். இ.என்.டி. டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். "குரல்நாணில் கட்டி எதுவும் இல்லை. சுற்றியுள்ள தசையை இறுக்கிப் பிடித்துப் பேசுறீங்க. இறுக்காம பேசுங்க சார்" என்றார். இறுக்குவதே தெரியாதவன் எதை விடுவது? அதற்காகத்தான் மூன்று வழிகளை முயன்றேன். (குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் முதலில் டாக்டர், அப்புறம் இதெல்லாம்.)

முதல் வழி, சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சனுடையது. அவர் புத்தகம் வந்த ஆண்டு 1929. படுத்துக்கொண்டு ஒவ்வொரு தசையாகச் சில நொடி முறுக்கி, சட்டென்று விட வேண்டும். தோளைக் காது வரை தூக்கிவிட்டால் வித்தியாசம் உடனே தெரிகிறது. ஆனால் தோளைப் போலச் சங்கை (குரல்வளையை) முறுக்க முடியாதே! எச்சில் விழுங்குவதைப் பாதியில் நிறுத்தினால் சங்கு மேலேறி நிற்கும். விட்டால் அது விரலுக்கடியில் இறங்குவதை உணரலாம். அவ்வளவுதான். பேசுவதாக நினைத்தாலே நாக்குத் தசையில் மெல்லிய மின்சலனம் பதிவாவதையும் ஜேக்கப்சன் கண்டார். நாளைய பாடத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே படுத்தால் தொண்டை எங்கே தளரும்? தூக்கத்துக்கு இந்த முறை அருமை. ஆனால் பாயில் வந்த தளர்வு பாயோடு போயிற்று.

இரண்டாவது அலெக்சாண்டர் முறை: உடம்பை இறுக்கும் பழக்கத்தைக் கவனித்துப் பிடித்து, அதை விடப் பழகுவது. 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் மேடையில் ஷேக்ஸ்பியர் ஒப்பித்தவர். என்னைப் போலவே குரல் போனவர். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாய் திறந்ததும் தலை பின்னால் சாய்கிறது, சங்கு கீழே அமுங்குகிறது, மூச்சு சத்தத்தோடு உள்ளே போகிறது. சரிசெய்துவிட்டதாக நினைத்து இன்னும் இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தால், தலை இன்னும் பின்னால்தான் சாய்ந்திருந்தது! எனக்கு இந்த இடம்தான் முக்கியம்: இறுக்கம் பழகிப்போனால் அதுவே இயல்பாகத் தோன்றும், உடம்பின் சாட்சியை நம்ப முடியாது. பிரிட்டனில் கழுத்துவலி உள்ள 517 பேரிடம் நடந்து 2015இல் வெளியான சோதனையில், இம்முறையில் 20 பாடம் வரை பெற்றவர்களுக்கு ஓராண்டு கழித்தும் வலி குறைந்திருந்தது. அது கழுத்துக்கு, குரலுக்கு அல்ல. எனக்குக் கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. செல்போனைப் பக்கவாட்டில் நிறுத்தி, பாடம் நடத்துவதைப் படமெடுத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் தாடை வானம் பார்க்கிறது. எனக்குத் துளியும் தெரியாது.

மூன்றாவது, ஸ்ட்ரா வழியே 'ஊ' என்று ஊதுவது. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே பரவலாக்கியது. வாயில் தேங்கும் காற்றழுத்தத்தால் குரல்நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமல் அதிரும். ஒலி முழுக்க ஸ்ட்ரா வழியே போக வேண்டும். மூக்கைப் பொத்திப் பார்த்தால் தெரியும். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019 முதல் தடை, காகிதம் எச்சிலில் ஊறிவிடுகிறது. ஸ்டீலில் ஒன்று வாங்கினேன். இரண்டு நிமிடத்தில் தொண்டை லேசாகிறது. மூன்றில் உடனடிப் பலன் இதற்குத்தான். எங்கே இறுக்கினேன் என்பதை மட்டும் இது சொல்லாது.

ஆக, மதியம் ஸ்ட்ரா, ராத்திரி பாய். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் என் ஓட்டு செல்போன் கேமராவுக்கு. இன்று காலை அட்டெண்டன்ஸ் எடுக்க வாய் திறக்கும் முன்பே தாடை எழுவதைப் பிடித்துவிட்டேன். எட்டாவது பெயரில் மறுபடி எழுந்தது.