மோட்டார் கோளாறு: மின்சாரத்தைத் துண்டித்துச் சோதிப்பதா, வைத்துக்கொண்டே சோதிப்பதா?

சிங்கப்பூரின் சுங்கை காடுட் மரப்பட்டறையிலோ காக்கி புக்கிட் லேத்துப் பட்டறையிலோ, 400 வோல்ட் மும்முனை மோட்டார் ஒன்று சுழலாமல் உறுமிக்கொண்டு நின்றால், மின் இணைப்புப் பெட்டியைத் திறந்து மின்சாரம் இருக்கும்போதே அளந்து பார்ப்பது ஒரு வழி; முதன்மைச் சுவிட்சை அணைத்துப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டிவிட்டுச் சோதிப்பது மற்றொரு வழி. முதல் வழியே விரைவானது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மோட்டாரின் பெரும்பாலான கோளாறுகள் மின்சாரம் இல்லாத நிலையிலேயே பிடிபட்டுவிடும் என்பதால், இரண்டாவது வழியில் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரத்துடன் சோதிப்பதற்கும் ஓர் இடம் உண்டு. மும்முனையில் ஒரு ஃபேஸ் வராதபோது மற்ற இரண்டிலும் மின்னோட்டம் ஏறி, மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச்சுருளான வைண்டிங் கருகிவிடும். இதைக் கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் உடனே காட்டும். ஆயினும் அந்த வேலை உரிய தகுதி பெற்ற மின்பணியாளருடையது. இயந்திரத்தை இயக்குபவருடையது அன்று. மின்சாரம் இருந்தால் விளக்கு எரியும் டெஸ்ட் பென்னை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம்: அது எரியாததை வைத்து மின்சாரம் இல்லை என்று முடிவுசெய்யக் கூடாது.

துண்டித்த பிறகு எதைக் கொண்டு சோதிப்பது என்பதில்தான் உண்மையான போட்டி இருக்கிறது. மல்டிமீட்டர் மலிவானது; மூன்று வைண்டிங்குகளின் மின்தடையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா, எங்காவது அறுந்திருக்கிறதா என்பதைக் காட்டிவிடும். ஆனால் அது சில வோல்ட்டுகளை மட்டுமே செலுத்துவதால், மோட்டாரை இயக்கியதும் பிரேக்கர் விழுகிற இடத்திலும் மின்காப்பு (இன்சுலேஷன்) நன்றாக இருப்பதாகவே காட்டக்கூடும். மின்காப்பைச் சோதிக்கும் கருவியான மெகர் 500 வோல்ட் டிசி மின்னழுத்தம் செலுத்துவதால் பலவீனமான காப்பு எளிதில் மறைய முடியாது. வைண்டிங்குக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் மோட்டாரை இயக்கக் கூடாது. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் நெடுநாள் ஓடாமல் கிடந்த மோட்டாருக்கு இந்தச் சோதனை இன்றியமையாதது. பல நேரங்களில் உலர்த்தினாலே அளவு ஏறிவிடும். ஆனால் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் இணைந்திருந்தால், அதிலிருந்து மோட்டார் கேபிளைக் கழற்றாமல் மெகர் வைத்தால் இன்வெர்ட்டர் பாழாகிவிடலாம். இன்வெர்ட்டரை அணைத்த பின்னும் அதன் மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும் என்பதால், அதன் மேல் எழுதியுள்ள நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும்.

மின்கம்பியின் நிறத்தை நம்பி எதையும் தொடக் கூடாது. சிங்கப்பூரில் 2009க்கு முந்தைய இணைப்புகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். இப்போதோ பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். தமிழகத்தில் பழைய வரிசையில் பழகி வந்த ஊழியருக்கு, நியூட்ரல் என்று நினைத்துத் தொடும் கறுப்புக் கம்பியில் 230 வோல்ட் இருக்கலாம். ஆகவே பூட்டிய பிறகும், மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் மீட்டரைச் சோதித்து, மோட்டார் முனைகளில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் இடையிலும் எர்த்துக்கும் அளந்து, மீண்டும் அதே இடத்தில் மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சாவி சோதிப்பவரின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும்.

சிறு பட்டறைகள் முதலில் வாங்க வேண்டியவை ஒரு பூட்டும் ஒரு நல்ல மல்டிமீட்டரும்தான். மெகரை ஒப்பந்த மின்பணியாளர் கொண்டுவரட்டும். அளந்து முடித்ததும் வைண்டிங்கை எர்த் செய்து மின்னேற்றத்தை இறக்கவும் அவருக்குத் தெரியும்.