சோலார் பேட்டரிக்கு சோல்காஸ்ட்: மதுரை வீட்டுக்கு எடுபடுமா?

‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்ற அறிவிப்பை நம்பி பேட்டரி சார்ஜைத் தீர்மானிக்க முடியாது. மழை பெய்யுமா என்பது பேனலுக்கு முக்கியமில்லை, வெயில் எவ்வளவு விழும் என்பதுதான் கணக்கு. சோல்காஸ்ட் என்ற இணைய வெயில் கணிப்புச் சேவை தருவது அதை: செயற்கைக்கோள் மேகப் படங்களை வைத்து, உங்கள் மொட்டைமாடிக்கென்று அரை மணிக்கு ஒரு உற்பத்தி மதிப்பீடு. வீட்டுக்காரர்களுக்கு இலவசக் கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 10 முறைதான் கேட்கலாம், அது தாராளமாகப் போதும்.

பதிவு செய்யும்போது வழுக்குகிற இடம் பேனலின் திசை. இங்கே வடக்கு 0, மேற்கு 90, கிழக்கு மைனஸ் 90. தென்கிழக்கு பார்த்த பேனலுக்கு திசைகாட்டியில் பார்த்த 135-ஐ அப்படியே போட்டால் அது தென்மேற்காகிவிடும். காலை உற்பத்தி முழுக்க மாலைக்குப் போய்விடும். போட வேண்டியது மைனஸ் 135.

மதுரையில் இது எதற்கு உதவும்? வீட்டு இணைப்பில் எந்த நேரமும் ஒரே கட்டணம்தான். ராத்திரி ஏற்றி பகலில் எடுத்தால் நஷ்டம்தான் மிச்சம். ஆக, சாதாரண நாளில் கரண்ட்டிலிருந்து ஏற்றவே வேண்டாம். பராமரிப்புக்காக காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று அறிவிப்பு வந்து, அன்று மேகமும் மூடினால்தான் இதன் அருமை தெரியும்.

அன்று நடு மதிப்பீட்டைப் பார்க்காதீர்கள். கூடவே வரும் 10 சதவீத மதிப்பீட்டை, அதாவது மோசமான நிலைமைக்கான எண்ணை எடுங்கள். 5.12 யூனிட் லித்தியம் பேட்டரி, பகல் செலவு 6 யூனிட், மோசமான மதிப்பீடு 4 என்று வையுங்கள். குறைவது 2, இழப்போடு 2.2. அது பேட்டரியில் 43 சதவீதம். அடியில் விட வேண்டிய 20 சேர்த்து 63. வெயில் ஏறுமுன் ஓடும் செலவுக்கும் சேர்த்து 70 வையுங்கள். 100 வரை ஏற்றினால், வெயில் வந்துவிட்டால் அதை வாங்க இடமிருக்காது. விடிகாலை 4 மணிக்கு பேட்டரி 35-ல் இருந்தால் 20 ஆம்பியரில் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும்.

ஆக்ஸ்பெர்ட் வகை இன்வெர்ட்டரில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 16-ஆம் செட்டிங்கில் ‘சோலாரும் கரண்ட்டும்’ என்று மாற்றியும் சார்ஜ் ஏறாது. வீட்டு லோடு பேட்டரியில் ஓடும்போது சோலார் மட்டும்தான் ஏற்றும். முதலில் 01-இல் லோடை கரண்ட்டுக்கு மாற்றணும், ஏறியதும் இரண்டையும் பழையபடி வைக்கணும். இதையெல்லாம் ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) தானாக நடக்க வைத்தால் ரௌட்டரும் இன்வெர்ட்டர் லைனிலேயே இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க மூடும் வானத்தை சோல்காஸ்ட் நன்றாகவே சொல்கிறது. ஆடிக் காற்றில் ஓடும் மேகங்களில் மணிக் கணக்கு தப்பும், நாள் மொத்தம் பெரிதாகத் தப்பாது. கோடை இடி மழை பெரும்பாலும் மாலையில்தான். அதற்குள் பேட்டரி நிறைந்திருக்கும். தூசியும் தென்னை நிழலும் இதற்குத் தெரியாது. நிழலுக்கு ஹோம் அசிஸ்டன்ட் இணைப்பில் மணிவாரியாகக் குறைத்துக்கொள்ளலாம், தூசிக்கு துடைப்பம்தான்.